மாப்பிள்ளையின் முப்பது சொட்டு

என் குளத்தில் இருபத்தாறு ஆமைகள் இருந்தன. இதை நான் இப்போது வெளியே சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை, விசாரணை இன்னும் முடியவில்லை. ஆனாலும் இருபத்தாறு இருந்தன. பத்தொன்பது வருஷம் பார்த்தவன் சொல்கிறேன், எண்ணத் தெரியாதவன் இல்லை.

என் குளம் என்றால் என் பெயரில் பட்டா போட்ட குளம் இல்லை. குடிநீர் வாரியத்தின் பழைய தேக்கக் குளம். நான் அங்கே பம்பு ஆபரேட்டர். காலை ஆறு மணிக்கு மோட்டாரைப் போடுவேன், மதியம் இரண்டு மணிக்கு நிறுத்துவேன், நடுவில் மணிக்கொரு தரம் அளவுப் பலகையைப் பார்த்து நோட்டில் குறிப்பேன். மற்ற நேரமெல்லாம் ஆமைகளைப் பார்ப்பேன். வேறு என்ன செய்ய, மோட்டாரையா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

பம்பு அறைக்குப் பின்னால்தான் எங்கள் குவார்ட்டர்ஸ். கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவி ஆமைகளுக்கெல்லாம் பெயர் வைத்தாள், எல்லாம் என் பக்கத்துச் சொந்தம். ஓட்டின் ஓரம் உடைந்து, கிட்டே போனால் கடிக்க வருவது நாத்தனார். எதைப் போட்டாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவது மாமியார். கழுத்தில் மஞ்சள் கோடு போட்டது சின்ன ஓரகத்தி. கூப்பிடாமலே முதல் ஆளாக வந்து, போட்டதையெல்லாம் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று தலையைத் தூக்கிப் பார்ப்பது மாப்பிள்ளை. "அது யாரு மாப்பிள்ளை?" என்று கேட்டேன். "எங்கம்மா வீட்டுக்கு வந்தா நீங்க எப்படி நடந்துக்கறீங்க, அதான்" என்றாள்.

போன வருஷம் எங்கள் பொறியாளர் வந்து, குளத்தை வற்ற வைத்துவிட்டு அங்கே கான்கிரீட் தொட்டி கட்டப்போகிறார்கள் என்று சொன்னார்.

"அப்ப ஆமைங்க?"

"அது அருகி வர்ற இனமாம்பா. ஆணையத்துலேர்ந்து வந்து ரத்தத்தைப் பாப்பாங்க. மதிப்பான கூட்டம்னு சொல்லிட்டா மொத்தத்தையும் பெரிய ஏரிக்குக் கொண்டுபோய் விட்டுடுவாங்க. இல்லன்னு சொல்லிட்டா..."

"சொல்லிட்டா?"

"நமக்கு வேலை சீக்கிரம் முடியும்" என்றார் பொறியாளர். கெட்ட மனிதர் இல்லை, அவருக்கும் மேலே ஆள் இருந்தது.

அன்று முதல் எனக்கு ஒரே வேண்டுதல்தான். இருபத்தாறும் அந்த ஏரிக்குப் போய்ச் சேர வேண்டும்.

நன்னீர் ஆமை மரபணுக் காப்பு ஆணையத்துக்கு நகரத்தின் நடுவில் நாலு மாடிக் கட்டடம். வாசலில் ஆளுயர வெண்கல ஆமை ஒன்று இருக்கிறது. உள்ளே நாலு மாடியிலும் தேடினாலும் உயிருள்ள ஆமை ஒன்று கிடைக்காது. அந்த ஆணையத்தின் இயக்குநர் முதல் நாள் தானே நேரில் வந்தார். மாதிரி சேகரிப்புத் தொடக்க விழா என்று குளக்கரையில் பேனர் கட்டி, மைக் வைத்து, என் பம்பு அறையிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். அதற்காக மோட்டாரை ஒன்றரை மணி நேரம் நிறுத்தியதில் நாலு தெருவுக்குத் தண்ணீர் போகவில்லை.

"என்னோட இருபத்திரண்டு வருஷ சேவையில" என்று இயக்குநர் பேசினார், "ஒரு ஆமையைக்கூடத் தொடாம, இந்த நாட்டு ஆமைங்க எல்லாத்தையும் காப்பாத்தியிருக்கேன். தொட்டுக் காப்பாத்தறது யாராலயும் முடியும். தொடாமக் காப்பாத்தறதுக்குத்தான் ஆணையம் வேணும்!"

எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு போட்டோவுக்காக ஒரு ஆமையைக் கையில் கொடுக்கச் சொன்னார்கள். நான் ரொட்டியைத் தண்ணீரில் பிய்த்துப் போட்டேன். யார் வருவது? மாப்பிள்ளைதான் வந்தது. இயக்குநர் அதைத் தூக்கிப் பிடித்ததும், தூக்கினால் எந்த ஆமையும் செய்வதை அதுவும் செய்தது. கோட்டு நனைந்துவிட்டது. போட்டோ சரியாக வரவில்லை என்று இன்னொரு தடவை தூக்கினார். மாப்பிள்ளையும் இன்னொரு தடவை செய்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆராய்ச்சி ஆரம்பித்தது. வேனில் ஓர் இளம்பெண் வந்தாள், ஆராய்ச்சி அதிகாரி. குடைக்குக் கீழே மேஜை போட்டு, கையுறை மாட்டி, சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளை வரிசையாக வைத்தாள். தங்கமான பெண். என்னை அண்ணா என்று கூப்பிட்டாள். எட்டு வருஷமாக ஆமை மரபணுவில் ஆராய்ச்சி செய்கிறாளாம், ஆமையை நேரில் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை.

"இதுல என்னம்மா பாப்பீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு கூட்டத்துல எல்லாரும் அச்சு அசல் ஒரே ஆளா இருந்தா, ஒரு நோய் வந்தா போதும், எல்லாரும் போயிடுவாங்க. ஒவ்வொருத்தர் ஒவ்வொரு விதமா இருந்தாதான் யாராவது தப்பிப்பாங்க, கூட்டம் நிக்கும். அந்த வித்தியாசம் எவ்வளவு இருக்குன்னு ரத்தத்துல தெரியும் அண்ணா."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வித்தியாசம்தானே? நாத்தனாருக்கும் மாமியாருக்கும் இல்லாத வித்தியாசமா!

"மொத்தம் முப்பது மாதிரி வேணும்" என்றாள்.

"இருக்கறதே இருபத்தாறுதாம்மா."

"படிவத்துல முப்பது கட்டம் இருக்கே. நாலு கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் வாங்காது அண்ணா."

சரி, அவர்கள் பாடு என்று விட்டேன். வலை எங்கே என்று தேடினேன். வலை கிடையாது. வலை வீசினால் அது தேர்ந்தெடுப்பது, தேர்ந்தெடுத்தால் அது பாரபட்சம். எந்த ஆமை தானாக முதலில் வருகிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும் என்று ஆணையத்தின் வழிகாட்டி நூலில் எழுபத்து மூன்றாம் பக்கத்தில் போட்டிருக்கிறது. அவள் பக்கத்தைத் திறந்தே காட்டினாள்.

"தானா முதல்ல வர்றது எப்பவும் ஒண்ணுதாம்மா" என்றேன்.

"அதை நீங்க சொல்லக்கூடாது அண்ணா. சொன்னா உள்ளூர் ஆள் தலையீடுன்னு எழுதணும். எழுதினா இன்னிக்கு வந்த வேனுக்கு நான் பதில் சொல்லணும்."

வேன் பதினொரு மணிக்கு வரும், பன்னிரண்டுக்குத் திரும்பும். அந்த நேரத்தில் மற்ற ஆமைகள் அக்கரைப் பாறையில் வெயில் காயும், வேன் சத்தம் கேட்டதும் தொப் தொப்பென்று உள்ளே போய்விடும். ரொட்டியைப் போட்டால் மாப்பிள்ளை வரும். ஒரு சொட்டு எடுத்து, குப்பியில் முதல் எண் ஒட்டி, ஒரு துண்டு ரொட்டி கொடுத்து விடுவாள். விட்ட இரண்டாவது நிமிஷம் அது மறுபடி வந்து நிற்கும். இரண்டாம் எண் ஒட்டுவாள். அப்புறம் மூன்று.

"அம்மா, இது இப்ப வந்துட்டுப் போனதுதான்" என்று அன்றைக்கே சொன்னேன். பொய் சொல்லவில்லை, சொன்னேன்.

"எல்லா ஆமையும் பார்க்க ஒரே மாதிரிதானே அண்ணா இருக்கும்?"

"அப்ப ஓட்டுல ஒரு கோடு போட்டுட்டா தெரிஞ்சுடும்ல?"

"குறி போடறதுக்குத் தனி அனுமதி. எழுதிக் கேட்டு ஒன்பது மாசம் ஆகுது, இன்னும் வரல. அது இல்லாம ஓட்டுல சாக்பீஸ் பட்டாலே ஆமையைத் துன்புறுத்தின குற்றம் அண்ணா."

"ஊசி குத்தறது?"

"அதுக்கு வந்துடுச்சு."

இப்படிப் பத்து செவ்வாய்க்கிழமைகள். நாலாவது வாரத்தில் மாப்பிள்ளை பழகிவிட்டது, மேஜையில் வைத்ததும் இடது முன்னங்காலைத் தானே நீட்டும். குத்தினதும் ரொட்டிக்கு வாயைத் திறக்கும். "எவ்வளவு ஒத்துழைக்குதுங்க பாருங்க, எல்லாமே!" என்று அந்தப் பெண் ஆச்சரியப்பட்டாள். எட்டாவது வாரம் அது தின்று தின்று, கால்களை உள்ளே இழுக்க முடியாத அளவுக்குப் பெருத்துவிட்டது.

என் மனைவி தினமும் திட்டினாள். "வாயைத் திறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

"சொன்னேன்டி. கேக்கலையே."

"கேக்கற வரைக்கும் சொல்லணும். ரொட்டியை வேற நீங்கதானே போடறீங்க!"

"படிச்சவங்க. மிஷினுக்குத் தெரியாதா, ஒரே ரத்தம்னு?" என்றேன்.

மிஷினுக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் வினையாகிப் போனது.

முடிவை அறிவிக்க ஆணையத்தின் மூன்றாவது மாடியில் கூட்டம் போட்டார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், கடைசி வரிசையில் ஒரு நாற்காலி. இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"முப்பது மாதிரிகள். முப்பதும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லாம ஒண்ணு! உலகத்துல எந்த ஆமைக் கூட்டத்துலயும் இப்படி ஒரு ஒற்றுமையை யாரும் பாத்ததில்ல. வெளிநாட்டு ஆளுங்க நம்ப மாட்டேங்கறாங்க. நம்பாததுதான் நம்ம வெற்றி! மனுஷங்க நாம, இந்த ஆணையத்துலயே ரெண்டு பேர் ஒத்துப்போக மாட்டோம். ஆமை ஒத்துப்போயிருக்கு!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு குரலைத் தாழ்த்திச் சோகமாகச் சொன்னார். "ஆனா வேறுபாடே இல்லாத கூட்டத்துக்கு எதிர்காலம் கிடையாது. அதனால இருபத்தாறையும் ஏரிக்குக் கொண்டுபோறது வீண் அலைச்சல். எல்லாம் ஒண்ணுதான்னா, ஒண்ணைக் காப்பாத்தினா எல்லாத்தையும் காப்பாத்தினதாத்தானே அர்த்தம்? ஒரே ஒரு ஆமையை இங்க வரவேற்பறையில வெச்சுக் காப்பாத்தப்போறோம்."

எழுந்து நின்றேன். "ஐயா, அது ஒரே ஆமைங்க!"

"கேட்டீங்களா?" என்று இயக்குநர் கையை என் பக்கம் நீட்டினார். "படிக்காத ஒரு பம்பு ஆபரேட்டர், அவருக்கே புரிஞ்சுடுச்சு. மரபணு ரீதியா அது ஒரே ஆமை!"

என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

மறுநாள் எழுத்தில் கொடுக்கலாம் என்று போனேன். முகப்பில் இருந்த எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார். "இந்த ஆராய்ச்சியில நீங்க யாரு?"

"ஆமையைப் பிடிச்சுக் குடுத்தவன்."

"பிடிச்சவர்னு ஆள் யாரும் இல்லையே. உபயோகித்த துணைப்பொருள் ரொட்டின்னு இருக்கு." பதிவேட்டைத் திருப்பியே காட்டினார். ரொட்டி இருந்தது, நான் இல்லை. "ரொட்டி சப்ளை பத்திப் புகார்னா வாங்கிக்கலாம்" என்றார், பாவம், உதவும் எண்ணத்தில்.

அந்த ஆராய்ச்சிப் பெண் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். மாடிப்படியில் நின்று விலாவாரியாகச் சொன்னேன், பத்து செவ்வாய்க்கிழமையும் வந்தது மாப்பிள்ளைதான் என்று. இந்தத் தடவை காது கொடுத்துக் கேட்டாள். நேரே இயக்குநர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

இயக்குநர் கோபப்படவில்லை. நாற்காலியெல்லாம் போட்டு உட்காரச் சொன்னார். "நீங்க சொல்றது உண்மையாகவே இருக்கலாம். ஆனா நேரம் தவறி வந்த உண்மை. கட்டுரை வெளியாகிடுச்சு. பாராட்டுக் கடிதம் வந்தாச்சு. இப்ப அந்த முப்பதும் ஒரே ஆமைன்னு நிரூபிக்கணும்னா என்ன வேணும்? ஓட்டுல குறி வேணும். குறி போட்டீங்களா?"

"அனுமதி வரலையே சார்" என்றாள் அவள்.

"பாத்தீங்களா? அனுமதி இல்லாம நீங்க போடல. ஒழுங்கான ஆராய்ச்சி. ஒழுங்கான ஆராய்ச்சியில தப்பு எப்படி வரும்?"

வெளியே வந்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குத்தான் ஒரு யோசனை தோன்றியது. தோன்றியிருக்க வேண்டாம். வரவேற்பறைக்கு ஓர் ஆமை கேட்கிறார்கள் அல்லவா? மாப்பிள்ளைக்குப் பதில் நாத்தனாரைப் பிடித்துக் கொடுத்தால்? வந்த ஆமையைச் சோதிக்காமல் சேர்க்க மாட்டார்கள். சோதித்தால் வேறு ரத்தம் என்று தெரியும், குட்டு உடையும், திரும்பவும் மாதிரி எடுக்கக் குளத்துக்கு அவர்கள் வந்துதானே ஆக வேண்டும்! மனைவியிடம் சொன்னேன். கல்யாணமாகி முதல் முறையாக என்னைப் புத்திசாலி என்றாள். அவளே ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அக்கரைப் பாறையில் இரண்டு நாள் காலை முழுக்க அசையாமல் உட்கார்ந்து நாத்தனாரைப் பிடித்தாள். விரலில் ஒரு கடி வாங்கிக்கொண்டாள்.

ஆணையத்தில் கொடுத்த ஆறாவது நாள் முடிவு வந்தது. நாத்தனார் ரத்தம் முப்பது மாதிரியில் ஒன்றோடும் ஒத்துப்போகவில்லை. ஆகவே நாத்தனார் அந்தக் குளத்து ஆமையே இல்லை என்று ஆணையம் தீர்மானித்தது. அந்நிய ஆமை. பரிசுத்தமான ஒரு கூட்டத்துக்குள் யாரோ வெளி ஆமையைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். யார்? குளத்துச் சாவி என்னிடம்தான் இருந்தது.

என்மேல் விசாரணை வைத்தார்கள். குளத்தில் இன்னும் எத்தனை அந்நிய ஆமைகள் இருக்கின்றன என்று பார்க்க அவசர உத்தரவும் போட்டார்கள். குறி போடும் அனுமதி ஒரு வருஷமாகியும் வரவில்லை, அந்நியரை வெளியேற்றும் அனுமதி இரண்டே நாளில் வந்தது. வலையும் வந்தது. அந்நியரைப் பிடிப்பதில் பாரபட்சம் பார்க்க வேண்டியதில்லையாம். ஒரே காலையில் எல்லாவற்றையும் அள்ளிவிட்டார்கள். ஒவ்வொன்றிடமிருந்தும் ஒரு சொட்டு எடுத்தார்கள். மாமியார் ஊசியை முகர்ந்து பார்த்தது.

முப்பதோடு ஒத்துப்போனது ஒன்றே ஒன்று. நாத்தனாரோடு சேர்த்து மற்ற இருபத்தைந்தும் அதோடு ஒத்துப்போகவில்லை, தங்களுக்குள்ளும் ஒத்துப்போகவில்லை.

அந்தப் பெண் தாளோடு பம்பு அறைக்கு வந்தாள். மோட்டார் சத்தத்தில் உரக்கப் பேச வேண்டியிருந்தது. "இருபத்தஞ்சு பேரும் இருபத்தஞ்சு விதம் அண்ணா. எட்டு வருஷத்துல இவ்வளவு நல்ல கூட்டத்தை நான் பாத்ததில்ல. ஏரிக்குப் போயிருந்தா நூறு வருஷம் நின்னிருக்கும்."

"இதை அவர்கிட்ட சொல்லும்மா."

"சொன்னேன். இருபத்தஞ்சு வெவ்வேறு இடத்துலேர்ந்து கடத்திட்டு வந்திருக்கீங்கன்னு உங்க குற்றப்பத்திரிகையில சேத்துட்டாரு." தாளை நாலாக மடித்தாள். "என்னை நாளையிலேர்ந்து நூலகத்துக்கு மாத்திட்டாங்க அண்ணா."

அந்நிய ஆமைக்குப் பாதுகாப்பு கிடையாது, அதை வந்த இடத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. வந்த இடம் என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தார்கள். இருபத்தைந்தையும் பிளாஸ்டிக் பெட்டிகளில் போட்டு, சீல் வைத்து, லாரியில் ஏற்றினார்கள். லாரி குளத்து வாசலிலேயே வெயிலில் நின்றது, முகவரி இல்லாமல் எங்கே போவது? டிரைவர் மூன்று நாள் ஆணையத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். நானும் என் மனைவியும் குடம் குடமாகப் பெட்டிகள் மேல் தண்ணீர் ஊற்றினோம்.

"சீலை உடைச்சு ஆத்துல விட்டுட்டா என்ன?" என்று மனைவி கேட்டாள்.

காவலுக்குப் போட்டிருந்த ஆள் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார். "என் வேலையும் போகும் அக்கா" என்றார். தண்ணீர் ஊற்ற மட்டும் விட்டார். இரண்டாம் நாள் சின்ன ஓரகத்தி இருந்த பெட்டியில் சத்தம் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் லாரி கிளம்பிப் போயிற்று.

ஒரு வாரம் கழித்து அதே டிரைவர் கான்கிரீட் வேலைக்கு ஜல்லி ஏற்றிக்கொண்டு வந்தார். "எங்கண்ணே இறக்கினீங்க?" என்று கேட்டேன்.

"பெறப்பட்டதுன்னு கையெழுத்து வாங்கிட்டேன்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் ஜல்லியை இறக்க ஆரம்பித்தார்.

இப்போது விசாரணைக்காக மாதம் ஒரு முறை ஆணையத்துக்குப் போகிறேன். வரவேற்பறையில் பெரிய கண்ணாடித் தொட்டி. 'உலகின் ஒரே பரிசுத்த ஆமைக் கூட்டம்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். கூட்டம் நடுவில் தனியாக மிதக்கிறது. அதைப் பெருக்க வேண்டும் என்று இயக்குநருக்கு ஆசை, அதே ரத்தத்தில் ஒரு பெண் ஆமையைத் தேடி நாலு குழுக்கள் அமைத்திருக்கிறார். இதுவரை கிடைக்கவில்லையாம். தொட்டிக்கு மேலே கண்ணாடி மூடி, அதற்குப் பூட்டு. தீனி கொடுக்கக்கூடாது என்று இன்னொரு பலகை.

போன முறை என்னைக் கூப்பிடும் வரை அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். சட்டைப்பையில் ஒரு துண்டு ரொட்டி இருந்தது, மனைவி வைத்துவிட்டிருந்தாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்துவிட்டது. நேராக என் பக்கம் நீந்தி வந்து, கண்ணாடியோடு ஒட்டி நின்று, இடது முன்னங்காலை நீட்டியது. எழுத்தர் என் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டார். அது காலை மடக்கவே இல்லை.